கல்லூரி வீரர்கள் பணம் ஈட்டலாமா? எல்லைக் கிராமத்தில் கேள்வி வேறு

பாறசாலை: கல்லூரி விளையாட்டு வீரர்கள் ஆட்டத்தின் வாயிலாக வருவாய் ஈட்டலாமா என்ற நெடுநாள் விவாதத்தில், அமெரிக்க நீதிமன்றம் ஒன்று 2025 ஜூன் 6-ஆம் தேதி முக்கிய உடன்பாட்டுக்கு ஒப்புதல் அளித்தது. அதன்படி ஒரு கல்லூரி முதல் ஆண்டில் சுமார் 2.05 கோடி டாலர் வரை தன் வீரர்களுக்கு நேரடியாகப் பகிர்ந்தளிக்கலாம். விளம்பர வருவாய்க்கான தடை 2021 ஜூலையிலேயே நீங்கிவிட்டது.

கேரள-தமிழக எல்லையில், பாறசாலையை அடுத்த பொழியூரில் நிலைமை வேறு. சந்தோஷ் கோப்பைக்குப் பல வீரர்களை அனுப்பிய இம்மீனவக் கிராமத்தில், தடையைவிடப் பணம் தருவோர் இல்லாமையே பெரிய சிக்கல். மத்திய அரசின் கேலோ இந்தியா திட்டத்தில் தேர்வாகும் வீரருக்கு மாதம் ரூ.10,000 கைச்செலவுத் தொகை கிடைக்கிறது. ஆனால் தேர்வாவோர் சிலரே.

கேரளத்தில் மற்றவர்களுக்கு எஞ்சுவது, ஆட்டத்துக்கு ஆட்டம் ரொக்கம் தரும் செவன்ஸ் கால்பந்து. மலபாரில் பெரும்புகழ் பெற்ற இப்போட்டிகளை அகில இந்திய கால்பந்து சம்மேளனம் அங்கீகரிப்பதில்லை. முழங்காலில் அடிபட்டால் சிகிச்சைச் செலவு பெரும்பாலும் வீரரின் தலையில்தான் விழும்.

விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசுப் பணி இரு மாநிலங்களிலும் உண்டு. தமிழ்நாட்டில் 3 சதவீதம். அதற்குரிய சாதனைக்குப் பலர் முயல்வது கல்லூரிப் பருவத்தில். மீனவக் குடும்பங்கள் வள்ளத்துக்கு ஆள் தேடுவதும் அதே வயதில்தான்.