பாடும் பட்டியலும்



பாடு என்னும் சொல்லை நாம் உழைப்பு என்னும் பொருளிலும் துன்பம் என்னும் பொருளிலும் வழங்குகின்றோம். சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பழவேற்காட்டில் இச்சொல்லுக்கு மற்றொரு பொருளும் உண்டு. ஏரியில் இன்ன இடத்தில், இன்ன நாளில் வலையிடும் முறை இன்னாருக்கு உரியது என்று மீனவர் வகுத்துக்கொண்ட ஏற்பாட்டிற்கு அங்கே பாடு என்று பெயர். நாள்தோறும் செய்ய வேண்டிய பணிகளை நாம் எங்ஙனம் வகுத்துக்கொள்வது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். அதனை ஏரியிலிருந்து தொடங்குவது எனக்கு எளிது. என் ஆசிரியப் பணியின் பெரும்பகுதி அக்கரையில்தான் கழிந்தது.

நம் நாட்டின் உவர்நீர் ஏரிகளுள் சிலிகாவிற்கு அடுத்துப் பெரியது பழவேற்காட்டு ஏரி. அதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும், தென்பகுதி தமிழ்நாட்டிலும் அமைந்துள்ளது. முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் ஏறும், பின்னர் இறங்கும். அந்த ஓதத்தோடு இறாலும் மீனும் வந்து போகும். ஆதலின் நீரோட்டம் மிகுந்த இடத்தில் வலை கட்டியவனுக்குப் படகு நிறையும்; ஒதுங்கிய இடத்தில் கட்டியவனுக்குக் குழம்புக்கே போதாது. எல்லாரும் நல்ல இடத்திற்கே ஓடினால் வலையோடு வலை சிக்கும். கையோடு கையும் கலக்கும். இதனை உணர்ந்த முன்னோர், கழி ஊன்றிக் கட்டும் வலைகளுக்கு உரிய இடங்களை வரையறுத்தனர். உரிமையுடைய குடும்பங்களைத் தலைக்கட்டுகளாக எண்ணினர். இடமும் நாளும் மாறி மாறி வருமாறு முறை வைத்தனர். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் முதலிய ஊர்களில் வாழும் பட்டினவரிடையே இது நெடுங்காலமாக வழங்கி வருவது. கொச்சிக் காயலிலும் இதே பெயரில் இத்தகைய முறை உண்டு என்பது வியப்பளிக்கும் செய்தி.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பாடு வகுத்ததனால் ஏரியில் ஒரு மீனேனும் கூடிவிடவில்லை. இருப்பதில் ஒவ்வொருவருக்கும் ஒரு முறை வந்து சேர்ந்தது, அவ்வளவுதான்.

இனி என் குற்றம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் தலைமையாசிரியனாக இருந்தபொழுது சட்டைப்பையில் எப்பொழுதும் ஒரு குறிப்பேடு வைத்திருப்பேன். செய்ய வேண்டியவற்றை நினைவுக்கு வந்த வரிசையில் அதில் எழுதுவேன். கூரை ஓடு மாற்றல், ஊதியப் பட்டி அனுப்புதல், வீட்டிற்கு நல்லெண்ணெய், தேர்வுக் கட்டணம், தம்பி மகள் திருமணத்திற்கு மொய், ஆய்வாளர் வருகை என்று எல்லாம் ஒரே ஒழுங்கில் நிற்கும். செய்து முடித்தவற்றை அடித்துவிடுவேன். ஒரு நாளில் பத்து வரிகளை அடித்துவிட்டால் பெருமிதத்தோடு வீடு திரும்புவேன். சுமார் 20 ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், பழைய பக்கம் ஒன்றைப் புரட்டியபொழுது, பத்தாம் வகுப்பு முடித்த மாணவன் ஒருவனுடைய உதவித்தொகை விண்ணப்பம் இரண்டு பெரிய வரிகளுக்கு நடுவே அடிக்கப்படாமல் கிடந்ததைக் கண்டேன். கடைசி நாள் கடந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. என் மேசை அறையிலேயே அவ்விண்ணப்பம் இருந்தது. அந்த மாணவன் மேல்வகுப்பிற்கு வரவில்லை, தந்தையோடு படகேறிவிட்டான்.

நான் சோம்பியிருக்கவில்லை என்பதுதான் இதில் வேதனை. அந்த வாரம் முழுவதும் ஓயாமல் உழைத்தேன். எது உரத்துக் கூவியதோ, எது எளிதில் முடியுமோ, அதுவே என் கையை ஈர்த்தது. ஓட்டமுள்ள இடத்திற்கே எல்லாப் படகும் ஓடுவது போன்ற நிலை அது. மாணவர் நலம் என்று ஒரு தனிப் பக்கம் இருந்திருந்தால், அந்தப் பக்கத்தில் ஒரு வாரமாக ஒரு வரியும் அடிபடவில்லை என்பது என் கண்ணில் பட்டிருக்கும்.

ஆகவே, பட்டியல் எழுதினால் மட்டும் போதாது. அதனைத் துறைவாரியாகப் பகுத்து எழுத வேண்டும். துறை வேறு, பணி வேறு. உடல்நலம் என்பது துறை. அதற்கு முடிவு இல்லை. பல் மருத்துவரிடம் செல்லுதல் என்பது பணி. சென்று வந்தால் முடிந்தது. கல்வி துறை, கணிதப் பயிற்சியில் முதல் ஐந்து கணக்குகள் பணி. இவ்வேறுபாட்டை அமெரிக்க எழுத்தாளர் டேவிட் ஆலன் 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட 'கெட்டிங் திங்ஸ் டன்' என்னும் நூல் விரித்துரைக்கின்றது. மாணவர் பலர் பட்டியலில் 'கணிதம்' என்று மட்டும் எழுதி வைக்கின்றனர். அவ்வரியை எப்பொழுது அடிப்பது? உலகம் உள்ளளவும் அடிக்க முடியாது! அடிக்க முடியாத வரி நாளடைவில் கண்ணுக்குப் பழகிப்போகும், பழகியபின் தெரியாது.

குறிப்பாக எழுதுவதில் மற்றொரு நன்மையும் உண்டு. முடியாத காரியம் மனத்தின் மூலையில் இருந்துகொண்டு, வேறு வேலை செய்யும்பொழுதும் நம்மை இழுக்கின்றது. அக்காரியத்தை எப்பொழுது, எவ்வாறு செய்வது என்று திட்டமாக வகுத்துக்கொண்டாலே அந்த இழுப்புத் தணிகின்றது என்று மாசிகாம்போ, பாமைஸ்டர் என்னும் உளவியலறிஞர் இருவர் 2011ஆம் ஆண்டில் ஆய்ந்து காட்டினர். காரியம் முடியவேண்டும் என்பதுகூட இல்லை. அதற்கு ஓர் இடமும் நேரமும் குறித்தால் போதும்.

இக்காலத்தில் இதற்கெனக் கைப்பேசிச் செயலிகள் பல வந்துள்ளன. அவற்றில் துறைக்கு ஒன்றாகப் பட்டியல்களை அமைத்து, ஒவ்வொரு பணிக்கும் நாள் குறிக்கலாம். மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் 'டூ டூ' என்னும் செயலியில் ஒரு நல்ல ஏற்பாட்டைக் கண்டேன். பல பட்டியல்களிலிருந்தும் இன்றைக்கு உரியவற்றை மட்டும் ஒரு பக்கத்திற்கு எடுத்து வைத்துக்கொள்ளலாம். இரவு கழிந்தால் அப்பக்கம் வெறுமையாகிவிடும். முடியாத பணி காணாமற் போவதில்லை. தன் துறையின் பட்டியலிலேயே காத்திருக்கும். நாள்தோறும் காலையில் புதிதாக முறை வைப்பதுபோன்றது இது. கைப்பேசி இல்லாதவர் வருந்த வேண்டுவதில்லை. நாற்பது பக்க நோட்டில் துறைக்கு ஐந்து பக்கம் ஒதுக்கினாலும் இதே பயன் கிட்டும். துறைகள் ஐந்து ஆறுக்கு மேற்படாதிருத்தல் நன்று. இருபது துறை வகுப்பவர், துறைகளை ஒழுங்கு செய்வதையே ஒரு துறையாக்கிக்கொள்வதைக் கண்டிருக்கின்றேன்.

மணிக்கு மணி கால அட்டவணை போட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நகரத்து மாணவருக்கு அது ஓரளவு பொருந்தும். ஏரிக்கரையில் பொருந்தாது. ஓதம் ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிட ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தி வருகின்றது. இன்று மாலை நான்கு மணிக்குப் படகு கரை சேர்ந்தால், மறுவாரம் அது இரவு பத்து மணிக்கு நெருங்கிவிடும். மீன் வந்தபின் அதனைப் பிரிப்பதும் ஏலத்திற்குக் கொண்டு செல்வதும் வீட்டுப் பெண்களின் வேலை. பிள்ளைகளும் உடன் நிற்பர். 'மாலை ஐந்து மணிக்கு அறிவியல்' என்று அங்கே சுவரில் ஒட்டிவைத்தால் மூன்றாம் நாளே பொய்யாகும். மணி தவறலாம், முறை தவறலாகாது என்பதே அங்குள்ள பிள்ளைகளுக்கு நான் கற்பித்தது. இன்று தவறியது நாளைக்குள் தன் முறையைப் பெற வேண்டும்.

பாட்டு முறையைப் புகழ்ந்து பேசிவிட்டு அதன் குறையை மறைப்பது முறையாகாது. அவ்வுரிமை எல்லாருக்கும் உரியதன்று. அதே ஏரியில் இடுப்பளவு நீரில் நின்று, கையால் தடவி இறால் பிடித்து வாழும் இருளர் தலைக்கட்டுக் கணக்கில் இல்லை. அங்கு வாழும் வேறு சில மக்களும் இல்லை. இதனால் வழக்குகளும் பூசல்களும் எழுந்துள்ளன. எண்ணிக்கையில் சேராதவருக்கு முறை எவ்வளவு நேர்மையாகச் சுற்றினாலும் வந்து சேராது. நம் பட்டியலுக்கும் இஃது ஒக்கும். துறைகளை வகுத்தபின், இதில் எது விடுபட்டது என்று ஒருமுறை கேளுங்கள். பெரும்பாலும் உறக்கம் விடுபட்டிருக்கும். அல்லது, உங்களுக்காக உழைக்கும் ஒருவர் விடுபட்டிருப்பார்.

அண்மையில் பழவேற்காட்டிற்குச் சென்றிருந்தேன். படகேறிய அந்த மாணவனுக்கு இப்பொழுது ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள் இருக்கின்றாள். தந்தையின் கைப்பேசியில் அவள் வைத்திருந்த பட்டியலை என்னிடம் காட்டினாள். பள்ளி, வீடு, ஏரி, தம்பி என்று நான்கு துறைகள். "உங்களுக்கென்று ஒன்றும் இல்லையே, அம்மா?" என்றேன். சற்றே நாணி, ஐந்தாவதாகத் தன் பெயரையே எழுதினாள். பிறகு, "ஐயா, உதவித்தொகைத் தேர்வு விண்ணப்பத்தைப் பள்ளியில் எழுதுவதா, என் பெயரில் எழுதுவதா?" என்று கேட்டாள். அருகில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த அவள் தந்தை தலை நிமிர்ந்தார். "எந்தப் பக்கத்தை நீங்கள் நாள்தோறும் திறப்பீர்களோ அதில் எழுதுங்கள், கடைசி நாளையும் எழுதுங்கள்" என்றேன். பள்ளி என்ற பட்டியலில் எழுதி, நாளுக்கு எதிரே நினைவூட்டும் மணியையும் வைத்தாள்.