பிடிக்கும் உரிமையும் அதன் எல்லையும்

தெருவில் ‘திருடன், திருடன்’ என்னும் குரல் எழுந்ததும் பத்துப்பேர் ஓடுகின்றனர், ஒருவன் அகப்படுகின்றான். அவனைக் கம்பத்தில் கட்டிவைத்து அடிக்கும் காட்சி நாம் அறியாததன்று. இதற்குச் சட்டம் இடந்தருகின்றதா என்பதை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

பொதுமக்களுள் ஒருவர் குற்றம் புரிந்தவரைப் பிடிக்கலாம் என்பதை 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 43ஆம் பிரிவு ஏற்றிருந்தது. அதற்கு மாற்றாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆம் பிரிவும் இவ்வுரிமையை வழங்குகின்றது. எனினும் இது எல்லையற்ற உரிமையன்று.

முதலாவதாக, குற்றம் பிடிப்பவரின் முன்னிலையிலேயே நிகழ்ந்திருத்தல் வேண்டும். பிறர் சொல்லக் கேட்டதும், தோற்றங்கண்டு ஐயுற்றதும் போதா. நீதிமன்றம் தேடப்படும் குற்றவாளியென முறைப்படி அறிவித்தவர்க்கு மட்டும் இவ்விதி பொருந்தாது.

இரண்டாவதாக, அக்குற்றம் பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்கதாகவும், பிணையில் விடப்படாததாகவும் இருத்தல் வேண்டும். கொலை, கொள்ளை, சங்கிலிப் பறிப்பு ஆகியன இத்தகையன. வாய்ச்சண்டையும் வசைமொழியும் இவற்றுள் அடங்கா.

மூன்றாவதாக, பிடித்தவரை வீண் தாமதமின்றிக் காவலரிடமோ, அவர் இல்லாதவிடத்து அண்மையிலுள்ள காவல் நிலையத்திலோ ஒப்படைத்தல் வேண்டும். இதற்கு 6 மணி நேரம் என்னும் வரம்பைப் புதிய சட்டமே விதித்துள்ளது.

ஆகவே, சட்டம் நமக்குத் தந்திருப்பது தடுத்து நிறுத்தும் கை. தண்டிக்கும் கை அன்று. அறையில் பூட்டிவைத்து விசாரித்தலும், அடித்து உண்மை கேட்டலும் பிடித்தவரையே குற்றவாளியாக்கும். 2018இல் கேரளத்து அட்டப்பாடியில், உணவுப்பொருள் திருடியதாக ஐயுற்றுப் பழங்குடி இளைஞர் ஒருவரைச் சிலர் பிடித்துக் கட்டி அடித்தனர், அவர் உயிரிழந்தார். 2023இல் மண்ணார்க்காடு சிறப்பு நீதிமன்றம் அவ்வழக்கில் 14 பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது.

சிலப்பதிகாரம் பயின்ற நமக்கு இது புதிய பாடமன்று. பொற்கொல்லன் சொல்லை நம்பி, ஆராயாது ஆணையிட்ட பாண்டியன், தன் பிழை உணர்ந்த அக்கணமே உயிர் துறந்தான். தண்டிக்கும் அதிகாரம் உடைய வேந்தனுக்கே ஆராயாமை பெரும்பிழை எனின், அவ்வதிகாரம் சிறிதும் இல்லாத நமக்கு அது எத்துணைப் பெரும்பிழை!

கண்ணால் கண்டால் தடுப்போம், காவலரை அழைப்போம், அவர் வரும்வரை, பிடிபட்டவன் மேல் ஓர் அடியும் விழாமல் காப்போம். மாணவர்கள் இதனைத் தத்தம் தெருவுக்கு எடுத்துச் சொல்வார்களாக.