பரீட்சையும் நம் பிள்ளைகளும்



ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி மாதம் வந்தால், பிள்ளைகள் ஹால் டிக்கெட்டையும் பேனாவையும் ஏந்திக்கொண்டு சபையின் முன்பாக வந்து நிற்கிறார்கள். தலையில் கைவைத்து ஜெபிக்கிறோம். தாய்மார் கண்ணீர் வடிக்கிறார்கள். பெங்களூரிலும் மும்பையிலும் டெல்லியிலும் பிழைப்புக்காகக் குடியேறிய நம் குடும்பங்கள் பொதுத்தேர்வை நம்புவதுபோல் உலகக் காரியம் வேறெதையும் நம்புவதில்லை.

இப்படிப்பட்ட பரீட்சைகள் வேண்டுமா, வேண்டாமா என்று நம் தேசம் நெடுங்காலமாக விவாதித்து வருகிறது. பிள்ளைகளின் பயத்தைப் போக்கும் நோக்கத்தோடு, சி.பி.எஸ்.இ. 10-ஆம் வகுப்புப் பொதுத்தேர்வு 2011 முதல் கட்டாயமற்றதாக்கப்பட்டது. ஆண்டு முழுவதும் பள்ளியே மதிப்பிட்டு கிரேடு வழங்கும் முறை வந்தது. 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டமும் 8-ஆம் வகுப்பு வரை எந்தப் பிள்ளையையும் ஃபெயிலாக்கக் கூடாது என்றது.

பலர் மகிழ்ந்தனர். ஆயினும், "பரீட்சை இல்லையென்றால் பிள்ளை புத்தகத்தைத் தொடுவதில்லை" என்று பெற்றோரும், "பதிவேடுகளை எழுதவே நேரம் போதவில்லை" என்று ஆசிரியரும் முறையிட்டனர். 2018-இல் 10-ஆம் வகுப்புப் பொதுத்தேர்வு மறுபடியும் கட்டாயமாயிற்று. 2019-இல் சட்டம் திருத்தப்பட்டு, 5 மற்றும் 8-ஆம் வகுப்புகளில் தேர்வு நடத்தித் தேறாதவர்களை நிறுத்திவைக்க மாநிலங்களுக்கு அனுமதி கிடைத்தது.

அதே வேளையில் எதிர்ப்பும் எழுந்தது. 5, 8-ஆம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று 2019-இல் அறிவித்த தமிழக அரசு, மக்களின் எதிர்ப்பினால் 2020 பிப்ரவரியில் அதைக் கைவிட்டது. கர்நாடகத்தில் 5, 8, 9-ஆம் வகுப்புகளுக்கு நடத்தப்பட்ட தேர்வு நீதிமன்றம் வரை சென்று, 2024 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் அதன் முடிவுகளுக்குத் தடை விதித்தது. ஆக, வளர்ந்த பிள்ளைக்குப் பரீட்சை வேண்டும் என்கிற ஜனங்களே, பத்து வயதுக் குழந்தைக்கு அது வேண்டாம் என்கிறார்கள். இதில் முரண்பாடு இல்லை. இரண்டும் பெற்றோரின் பாசத்திலிருந்தே பிறக்கின்றன.

ஏழையின் நம்பிக்கை

நம் ஜனங்கள் பரீட்சையை ஏன் இவ்வளவு நம்புகிறார்கள்? இந்நகரங்களில் நமக்கு நிலமில்லை. சிபாரிசு செய்ய ஆளில்லை. நாம் வாய் திறந்தவுடன், "எந்த ஊர்?" என்று கேட்கிறார்கள். ஆனால், பொதுத்தேர்வின் விடைத்தாளைத் திருத்துகிறவருக்கு அதை எழுதியவன் யாருடைய மகன் என்று தெரியாது. தச்சன் மகனும் அதிகாரி மகனும் அங்கே எண்கள்தான். இந்த நியாயத்தை நாம் அற்பமாக எண்ணலாகாது. ஆயினும், வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் பள்ளியில் ஆங்கிலமும் பேசுகிற பிள்ளை, டியூஷனுக்கு வழியின்றி எத்தனை தூரம் நடந்து அந்த மேசைக்கு வந்தான் என்பதை அந்த விடைத்தாள் சொல்லாது என்பதும் உண்மை.

வேதத்திலும் இப்படிப் பரதேசத்தில் பரீட்சை எழுதிய வாலிபர்கள் உண்டு. தானியேலும் அவன் தோழர்களும் பாபிலோனில் அந்நிய பாஷையையும் எழுத்தையும் கற்று, மூன்று ஆண்டுகளுக்குப் பின் ராஜாவின் முன் நின்றார்கள் (தானியேல் 1). அதற்கு முன்பே பத்து நாள் சோதனையொன்றைத் தானியேல் தானாகவே கேட்டுப் பெற்றான் என்பதைக் கவனியுங்கள். தேவனுடைய பிள்ளை பரீட்சைக்குப் பயந்து ஒளிய வேண்டியதில்லை.

நான் செய்த தவறு

இங்கே ஒரு காரியத்தை மனத்தாழ்மையோடு அறிக்கையிடுகிறேன். பல ஆண்டுகளாக, மே மாதத்தில் முடிவுகள் வெளியானதும், அதிக மதிப்பெண் பெற்ற மூன்று பிள்ளைகளை மேடைக்கு அழைத்துப் பரிசு கொடுத்து வந்தேன். உற்சாகப்படுத்துகிறோம் என்றே எண்ணினேன். ஓர் ஆண்டு, இரண்டு பாடங்களில் தவறிய மகன் ஒருவன் அந்த ஞாயிற்றுக்குப் பின் ஆராதனைக்கு வரவில்லை. சில வாரங்கள் கழித்து வீட்டுக்குச் சென்றேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டட வேலை செய்யும் அவன் தகப்பன் மெதுவாகச் சொன்னார்: "ஐயா, பிப்ரவரியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஜெபித்தீர்கள். மே மாதத்தில் மூன்று பேரைத்தான் கூப்பிட்டீர்கள்."

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மத்தேயு 25-ஆம் அதிகாரத்தைத் திறந்தேன். ஐந்து தாலந்து பெற்றவன் ஐந்தைச் சம்பாதித்தான். இரண்டு பெற்றவன் இரண்டைச் சம்பாதித்தான். எஜமான் கணக்குக் கேட்டது உண்மை. புதைத்து வைத்தவனைக் கடிந்துகொண்டதும் உண்மை. ஆனால், ஐந்துக்காரனுக்குச் சொன்ன அதே பாராட்டை, ஒரு வார்த்தையும் குறைக்காமல், இரண்டுக்காரனுக்கும் சொன்னார். எத்தனை முறை அதைப் பிரசங்கித்திருக்கிறேன்! என் மேடையிலோ அதை நான் செய்யவில்லை.

இப்பொழுது எங்கள் சபையில் தேர்வெழுதிய பிள்ளைகள் யாவரையும், தேறாதவர்களையும், பெற்றோருடன் அழைத்து ஜெபிக்கிறோம். அந்த மகன் துணைத்தேர்வு எழுதித் தேறினான். ஆராதனைக்கும் திரும்பி வந்தான்.

பெற்றோர் செய்யத்தக்கவை

2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் தேசத்தில் 13,000-க்கும் அதிகமான மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாக தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் தெரிவித்தது. காரணங்கள் பல, பரீட்சைத் தோல்வியும் அவற்றுள் ஒன்று. ஆகவே, முடிவு வெளியாகும் நாளில் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். மற்ற விசுவாசிகளின் பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் பேசாதீர்கள். தவறிய பாடத்தை அதே ஆண்டில் எழுத வழியுண்டு. 1989-இல் தொடங்கப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் வழியாகவும் படிக்கலாம். பிள்ளை மனமுடைந்திருந்தால் ஜெபியுங்கள். அத்துடன் அரசின் 14416 என்னும் மனநல உதவி எண்ணையும் தயங்காமல் அழையுங்கள். உதவி கேட்பது அவிசுவாசமல்ல.

பரீட்சை இருக்கட்டும். நம் பிள்ளைகள் உண்மையாய் உழைத்து எழுதட்டும். ஆனால், முடிவு எதுவானாலும், பிப்ரவரியில் அவர்கள் தலைமேல் வைத்த கையை மே மாதத்தில் எடுத்துவிடாதிருப்போம்.

கர்த்தர்தாமே உங்கள் பிள்ளைகளை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.