பெண்ணிடம் தோற்ற பயில்வான்கள்

பெங்களூர் பேட்டையில் பழைய கரடிக்கூடங்கள் உண்டு. செம்மண் களம், சுவரில் அனுமார் படம். ஆண்களுக்கென்றே அமைந்தவை அவை.

அந்தக் காலத்தில் பெண்ணிடம் தோற்ற பயில்வான் என்ன ஆனார்?

1954-ம் ஆண்டு மே மாதம் பரோடாவில் ஒரு குஸ்தி நடந்தது. உத்தரபிரதேச வீராங்கனை ஹமீதா பானுவுடன் பாபா பயில்வான் மோதினார். தன்னைக் குஸ்தியில் ஜெயிப்பவரையே மணப்பதாக ஹமீதா அறிவித்திருந்தார். 1 நிமிடம் 34 விநாடியில் பாபா மண்ணைக் கவ்வினார். அத்தோடு குஸ்தியையே விட்டுவிட்டார்! அவருக்கு முன் மோத இருந்த சோட்டா காமா பயில்வானோ களத்தில் இறங்காமலே விலகிக்கொண்டார்.

விழுவதற்குச் சம்பளம்

பிறகு காலம் மாறியது. 1999 அக்டோபரில் அமெரிக்க டெலிவிஷன் மல்யுத்தத்தில் சைனா என்ற வீராங்கனை, ஜெப் ஜாரெட்டை வீழ்த்திப் பட்டம் பெற்றார். அங்கே ஜெயிப்பது யார் என்று முன்பே முடிவாகிவிடும். அடிபடாமல் விழுவதும், அடிபட்டதுபோல் துடிப்பதும் தோற்பவரின் தொழில். அதற்குச் சம்பளம் உண்டு.

பையன்களோடு பயிற்சி

அரியானாவில் கீதா போகத்தும் சாக்சி மாலிக்கும் பையன்களோடு மோதித்தான் குஸ்தி பழகினார்கள். கீதா 2010-ல் காமன்வெல்த் தங்கம் வென்றார். சாக்சி 2016-ல் ஒலிம்பிக் வெண்கலம் வென்றார்.

பாபா பயில்வானுக்குத் தலைகுனிவாக இருந்தது, அந்தப் பையன்களுக்கு அன்றாடப் பயிற்சி. விழுந்தவர்கள் எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, மறுபடியும் மோதினார்கள். அந்தப் பதக்கங்களில் அவர்களுக்கும் பங்கு உண்டு.