பயோடேட்டாவில் பரிசும் பெலோஷிப்பும்: எழுதத் தெரியாமல் இழப்பவர்கள்

தாராவி 90 அடி சாலைக்குப் பின்புறம் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறார் நமது நெல்லைச் சீமைக்காரர் ஒருவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு தாள்களோடு என் வீட்டுக்கு வந்தார். ரேஷன் அட்டை, பாஸ்போர்ட், பென்ஷன் என்று நம்மவர்களுக்குப் பாரம் எழுதிக் கொடுப்பது எனக்கு வழக்கமாகிவிட்ட வேலை. ஆனால் அன்று வந்தது பாரம் அல்ல. ரசாயனத்தில் டாக்டர் பட்டம் பெற்ற அவருடைய மகளின் பயோடேட்டா.

"தம்பி, வெளிநாட்டுப் புரொபசர் ஒருத்தர் இதப் பாத்துட்டு, அஞ்சு வருசம் எந்தப் பணத்துல ஆராய்ச்சி செஞ்சேன்னு கேட்டு எழுதியிருக்காராம். புள்ள ரெண்டு நாளா சரியாச் சாப்பிடல" என்றார்.

"அண்ணாச்சி, நான் பத்தாவதோட நின்னவன். டாக்டர் பட்டம் வாங்கின பொண்ணு எழுதினதுல நான் என்னத்தப் பாக்க?" என்றேன்.

"எழுத்து வேல ஒனக்குத் தெரியும்லா" என்று சொல்லித் தாள்களை மேஜை மேல் வைத்துவிட்டார்.

பார்த்தேன். "பரிசுகள்" என்ற தலைப்பில் முதல் வரியில் பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டி. அடுத்து, தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் பெற்ற கேடயம். கடைசி வரியில், "ஆராய்ச்சி உதவித் தொகை, 2019-2024" என்று மட்டும் இருந்தது. யார் கொடுத்தது, எதற்குக் கொடுத்தது என்று ஒரு சொல் இல்லை. எங்கள் ரயில்வே ஆபீசில் சர்வீஸ் ரிஜிஸ்தரில் இப்படி ஒரு பதிவு போட்டால் மேலதிகாரி பேனாவைப் பிடுங்கிவிடுவார். உத்தரவு எண், தேதி, கொடுத்த அலுவலகம் மூன்றும் இல்லாத பதிவு பதிவே அல்ல.

என் குமாஸ்தா அறிவு அத்தோடு முடிந்தது. மேற்கொண்டு தெரிந்துகொள்ள, மாட்டுங்காவில் வசிக்கும் ஓய்வு பெற்ற தமிழ்ப் பேராசிரியர் ஒருவரிடம் தகப்பனையும் மகளையும் அழைத்துச் சென்றேன். அங்கே கேட்டவை நம் பகுதிகளில் படித்துக்கொண்டிருக்கும் பல பிள்ளைகளுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

ஒரு சொல், மூன்று பொருள்

முதலில் "பெலோ" என்ற சொல்லையே அவர் பிரித்துக் காட்டினார். மாணவருக்கு மாதாமாதம் பணம் கொடுத்துப் படிக்க வைப்பது ஒரு பெலோஷிப். கல்லூரியிலோ ஆராய்ச்சி நிலையத்திலோ பெலோ என்ற பெயரில் வேலை கொடுப்பது இன்னொன்று. அறிவியல் கழகம் ஒன்று, இவர் எங்களில் ஒருவர் என்று தேர்ந்தெடுத்துக் கௌரவிப்பது மூன்றாவது. பெங்களூரில் சர் சி.வி. ராமன் 1934-ல் நிறுவிய இந்திய அறிவியல் கழகத்தின் பெலோ என்பது இந்த மூன்றாவது வகை. மூன்றையும் கலந்து எழுதினால் படிப்பவர் குழம்புவார்.

மூன்றுக்கும் உதாரணமாகப் பேராசிரியர் சொன்னது நம்முடைய ராமானுஜத்தை. குமாஸ்தாக்களாகிய நமக்கு அவர் சொந்தக்காரர் மாதிரி. 1913 ஜனவரி 16 தேதியிட்டு கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில், சென்னைத் துறைமுகக் கணக்குப் பிரிவில் ஆண்டுக்கு 20 பவுன் சம்பளம் பெறும் குமாஸ்தா என்றுதான் அவர் தம்மை அறிமுகம் செய்துகொண்டார். பல்கலைக்கழகப் படிப்பு இல்லை என்பதையும் தாமே எழுதினார். ஆங்கிலத்தில் தவறியதால் கும்பகோணம் கல்லூரியில் உதவித் தொகையை இழந்தவர் அவர். கடிதத்தோடு இணைத்த கணக்குகளே அவருக்குச் சிபாரிசு. அதே ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித் தொகை வழங்கியது. இது முதல் வகை. 1918 அக்டோபரில் டிரினிட்டி கல்லூரி அவரைத் தன் பெலோவாக எடுத்துக்கொண்டது, இது இரண்டாவது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, மே மாதம், ராயல் சொசைட்டி எப்.ஆர்.எஸ். ஆக்கியது, இது மூன்றாவது.

நமது பெண்ணுக்குக் கிடைத்தது முதல் வகை. அதை எழுதுவதற்கு ஒரு முறை உண்டு. பெலோஷிப்பின் முழுப் பெயர், கொடுத்த அமைச்சகம் அல்லது நிறுவனம், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, எந்தத் தேர்வின் மூலம் என்று ஒரே வரியில் வரவேண்டும். புதியது மேலே, பழையது கீழே. ஜே.ஆர்.எப்., நெட், கேட் என்றெல்லாம் நாம் மூன்றெழுத்தில் சொல்வது பெர்லினில் இருப்பவருக்குப் புரியாது. விரித்து எழுத வேண்டும். தொகையை எழுதும் வழக்கம் இல்லை. (ஜே.ஆர்.எப். தொகையை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாயாக உயர்த்தினார்கள். தகப்பனார்கள் கேட்பார்கள் என்பதால் இதைச் சொல்கிறேன்.) வேறு காரணத்தால் ஏற்றுக்கொள்ள முடியாமல் போன பெலோஷிப்பையும் எழுதலாம், "ஏற்கவில்லை" என்று பக்கத்தில் குறித்துவிட வேண்டும். ஆனால் விண்ணப்பித்தேன், கடைசிச் சுற்று வரை போனேன் என்பதெல்லாம் பரிசு ஆகாது.

பெயர் மாறிய திட்டங்களில் பலர் தவறுகிறார்கள். உத்தரவுக் கடிதத்தில் அன்று இருந்த பெயரைத்தான் எழுத வேண்டும். பள்ளி மாணவர்களுக்கான தேசியத் திறன் தேடல் தேர்வு 2021-க்குப் பிறகு நிறுத்தி வைக்கப்பட்டது, கே.வி.பி.ஒய். 2022-ல் இன்ஸ்பயர் திட்டத்தோடு சேர்க்கப்பட்டது. அதனால் முன்பு பெற்றவர்களின் தகுதி போய்விடவில்லை. ஒரு சொல்லில் விளக்கம் சேர்த்தால் போதும்.

விலைக்கு விற்கும் விருதுகள்

இந்தப் பெண்ணுக்கே மின்னஞ்சலில் ஓர் அழைப்பு வந்திருந்தது. சிறந்த இளம் விஞ்ஞானி விருதுக்கு அவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். பதிவுக் கட்டணம் மட்டும் அனுப்ப வேண்டுமாம். தகப்பனார் கடன் வாங்கியாவது கட்டிவிடலாம் என்று இருந்தார். பேராசிரியர் பதறிப்போய்த் தடுத்தார். பணம் வாங்கிக்கொண்டு விருது கொடுப்பவர்கள் இப்போது ஊருக்கு ஊர் முளைத்திருக்கிறார்கள். தேர்வுக் குழுவில் இருப்பவர்களுக்கு இந்தப் பெயர்கள் நன்றாகத் தெரியும். அப்படி ஒரு வரி இருந்தால், மற்ற உண்மையான வரிகளையும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள்.

இதில் கணக்கும் இருக்கிறது. 2018-ல் யு.ஜி.சி. வெளியிட்ட விதிகளில், பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் பதவிக்கு நேர்முகத் தேர்வுக்கு யாரை அழைப்பது என்பதற்கு மதிப்பெண் அட்டவணை ஒன்று கொடுத்தார்கள். அதில் டாக்டர் பட்டத்துக்கு 30, ஜே.ஆர்.எப்.புடன் நெட் என்றால் 7, நெட் மட்டும் என்றால் 5. விருதுக்கும் இடம் வைத்தார்கள்: சர்வதேச, தேசிய விருதுக்கு 3, மாநில அரசு விருதுக்கு 2. ஆனால் தேசிய விருது என்றால் மத்திய அரசோ, அது அங்கீகரித்த அமைப்போ கொடுத்ததாக இருக்க வேண்டும். கட்டணம் கட்டி வாங்கிய கேடயத்துக்கு அங்கே பூஜ்யம்தான்.

பெண் மறைத்த பெயர்

இவ்வளவு பேசிய பிறகும் பெண் அந்தப் பெலோஷிப்பின் பெயரைச் சொல்லவில்லை. பேராசிரியர் எழுந்து உள்ளே போன சமயம் பார்த்து என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "மாமா, அது ஷெட்யூல்டு காஸ்ட் மாணவர்களுக்கான தேசிய பெலோஷிப். பேர எழுதினா எல்லாம் தெரிஞ்சுபோகும். முன்னாடி ஒரு இன்டர்வியூல, கோட்டாவான்னு கேட்டுச் சிரிச்சாங்க."

எந்த நிறுவனம் என்று நான் கேட்கவில்லை. அண்ணாச்சி தலை குனிந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்த பேராசிரியரிடம் விஷயத்தைச் சொன்னோம். அவர் உடனே எழுது என்றும் சொல்லவில்லை, எழுதாதே என்றும் சொல்லவில்லை. மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் இந்தப் பெலோஷிப் நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு 2,000 பேருக்குத்தான், நெட் தேர்வு எழுதியவர்களிலிருந்து மதிப்பெண் பார்த்து எடுக்கிறார்கள், தொகையும் ஜே.ஆர்.எப். தொகைதான். "இது இனாம் இல்லையம்மா, தேர்வு" என்றார். முழுப் பெயரைப் போட மனம் இல்லாவிட்டால், இந்திய அரசு அமைச்சகத்தின் தேசிய ஆராய்ச்சி பெலோஷிப், தேசியத் தேர்வின் மூலம் பெற்றது என்று எழுதினாலும் பொய் ஆகாது. கேட்டால் உத்தரவுக் கடிதத்தைக் காட்டலாம் என்றும் வழி சொன்னார். ஒன்றும் எழுதாமல் விடுவதுதான் மோசம், ஐந்து ஆண்டு ஓட்டையாகத் தெரியும் என்பது அவர் கருத்து.

எனக்கு முழுப் பெயரையும் எழுத வேண்டும் என்றுதான் பட்டது. ஆனால் சிரிப்பைக் கேட்டவன் நான் அல்லவே. அதனால் வாயைத் திறக்கவில்லை.

பெண் அன்றிரவு முழுப் பெயரையும் எழுதி, அமைச்சகத்தின் பெயர், ஆண்டுகள், தேர்வு எல்லாம் சேர்த்து, அதையே முதல் வரியாக வைத்து அனுப்பிவிட்டதாக மறுநாள் போனில் சொன்னார். மாநாடு ஒன்றுக்குப் போகக் கிடைத்த பயண உதவி இரண்டாவது வரி. பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியும் தமிழ்ச் சங்கக் கேடயமும் எடுக்கப்பட்டுவிட்டன. அண்ணாச்சிக்கு அதில்தான் மனத்தாங்கல். அந்தக் கேடயத்தைப் பட்டறையில் தையல் மிஷினுக்கு மேலே ஆணி அடித்து மாட்டி வைத்திருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை.