பள்ளிவாசலிலிருந்து நர்ஸ் லைசென்ஸ் வரை

மூணாறிலிருந்து அடிமாலி ரோட்டில் இறங்கினால் வருவது பள்ளிவாசல். கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் 1940இல் இங்கேதான் ஓடத் தொடங்கியது. சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கிள்ளுபவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். தோட்டக் குடியிருப்பான லயத்தில் ஒரு பெண் நர்சிங் முடித்துவிட்டால் அந்தக் குடும்பத்துக்கே தனி மதிப்பு வந்துவிடும். ஆனால் வெளிநாட்டில் வேலை பார்க்க எழுத வேண்டிய லைசென்ஸ் தேர்வு அன்று கனவிலும் எட்டாதது. இன்று கைக்கு எட்டுகிறது, வாய்க்குத்தான் எட்டவில்லை. ஏன் என்று பார்க்க வேண்டும்.

நம் நாட்டு முறை எளிது. ஜி.என்.எம். அல்லது பி.எஸ்சி. நர்சிங் இறுதித் தேர்வில் தேறியதும் மாநில நர்சிங் கவுன்சிலில் பதிய வேண்டும். கேரளத்தில் 1953ஆம் ஆண்டுச் சட்டப்படி, தமிழ்நாட்டில் 1926ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தப் பதிவு நடக்கிறது. தேனி, மதுரைப் பக்கம் போய்ப் படித்து அங்கே பதிந்தவர்கள், கேரளத்தில் வேலை பார்க்க இங்கேயும் பதிய வேண்டும். லைசென்ஸுக்கென்று தனித் தேர்வு கிடையாது. அது கடல் தாண்டும்போதுதான் வருகிறது.

அன்று அமெரிக்கா போக நினைத்தவர்களுக்கு இரட்டைப் படி. சி.ஜி.எஃப்.என்.எஸ். என்ற அமைப்பு 1978 முதல் நடத்திய தகுதித் தேர்வை முதலில் எழுத வேண்டும். அதில் தேறினாலும் என்கிளெக்ஸ் எனப்படும் லைசென்ஸ் தேர்வை அமெரிக்க மண்ணில்தான் எழுத முடியும். ஆசிய நர்சுகள் பலர் அதற்காகவே குவாம், சைப்பன் தீவுகளுக்கு விமானம் ஏறினார்கள். 1994 வரை அது காகிதத் தேர்வு. ஆண்டுக்கு இரண்டே தடவை, பிப்ரவரியிலும் ஜூலையிலும், இரண்டு நாள் உட்கார்ந்து எழுத வேண்டும். முடிவுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

இன்று அது கம்ப்யூட்டர் தேர்வு. 2005இல் அமெரிக்காவுக்கு வெளியே மையங்கள் திறந்தார்கள்; அடுத்த சில ஆண்டுகளில் இந்தியாவுக்கும் வந்தன. சென்னையிலோ பெங்களூரிலோ தேதி பார்த்து எழுதலாம். அதிகபட்சம் 5 மணி நேரம். 85 முதல் 150 கேள்விகள். சரியாகச் சொன்னால் அடுத்தது கடினமாக வரும், தவறினால் எளிதாக வரும். உங்கள் திறன் எந்த மட்டம் என்று உறுதியானதும் தேர்வு நின்றுவிடும்.

தேர்வு பக்கத்தில் வந்ததைவிடப் பெரிய மாற்றம் கேள்வியில் நடந்திருக்கிறது. புத்தகத்தை மனப்பாடம் செய்தவர்கள் தேறிய காலம் போய்விட்டது. 2023 ஏப்ரல் முதல் ஒரே நோயாளியின் நிலை மாற மாற, அடுத்தடுத்து ஆறு கேள்விகள் கேட்கிறார்கள். யாரை முதலில் கவனிப்பது என்றும் கேட்கிறார்கள். மாதிரிக்கு இப்படி யோசித்துப் பாருங்கள். வார்டில் நான்கு பேர். ஒருவர் வலி மாத்திரை கேட்கிறார். ஒருவருக்கு இன்சுலின் போடும் நேரம். ஒருவர் டிஸ்சார்ஜுக்கு அவசரப்படுகிறார். இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாளில் இருக்கும் முதியவருக்குத் திடீரென்று மூச்சு வாங்குகிறது. முதலில் யாரிடம் போவீர்கள்? காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம் என்று சந்தேகிக்கத் தெரிந்தவர் முதியவரிடம் ஓடுவார். நான்கு பேருக்கும் மருந்து தெரிந்தால் மட்டும் போதாது. முதலில் எந்த உயிர் என்று தெரிய வேண்டும்.

பிரிட்டன் தேர்வுக்கும் மனப்பாடம் மட்டும் போதாது. கம்ப்யூட்டர் தேர்வின் முதல் பகுதி முழுக்கக் கணக்கு. 1,000 மில்லி டிரிப்ஸ் 8 மணி நேரத்தில் ஏற வேண்டும். ஒரு மில்லிக்கு 15 சொட்டு. அப்படியானால் நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? 15,000ஐ 480ஆல் வகுத்தால் ஏறத்தாழ 31. இதைத் தடுமாறாமல் போட வேண்டும். பிறகு அங்கே போய்ச் செய்முறைத் தேர்விலும் தேற வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் நிற்பது ஆங்கிலம். நம் பெண்ணுக்கு வீட்டில் தமிழ், பள்ளியிலும் பெரும்பாலும் தமிழ், கடைத்தெருவில் மலையாளம், கல்லூரியில் ஆங்கிலப் புத்தகம், அதற்கு மலையாள விளக்கம். பாடம் புரிந்துவிடும், பேச வராது. பிரிட்டன் ஏற்கும் ஓ.இ.டி. என்ற ஆங்கிலத் தேர்வில் நோயாளியின் குறிப்புகளைக் கொடுத்து 45 நிமிடத்தில் வேறொரு மருத்துவப் பணியாளருக்குக் கடிதம் எழுதச் சொல்வார்கள். நோயாளியாக நடிப்பவரிடம் ஐந்து நிமிடம் பேசி, அவர் பயத்தைத் தணித்துக் காட்டவும் வேண்டும். நர்சிங்கில் கெட்டிக்காரப் பெண் சறுக்கும் இடம் இது.

அடுத்தது பணம். 2015 செப்டம்பரில் மூணாறுத் தோட்டப் பெண்கள் 'பொம்பிளை ஒருமை'யாகத் திரண்டு போராடியபோது நாள் கூலி 232 ரூபாய். பிறகு 301 ஆனது. என்கிளெக்ஸை இந்தியாவிலிருந்து எழுதக் கட்டணம் மட்டும் 350 டாலர். அன்றைய மதிப்பில் 75 நாள் கூலிக்கு மேல். அதே ஆண்டில் குவைத் நர்ஸ் வேலைக்குச் சட்டப்படி 19,500 ரூபாய் வாங்க வேண்டிய இடத்தில் 19.5 லட்சம் வாங்கிய மோசடி வெளியே வந்தது. அதை ஒட்டி, குவைத், சவுதி போன்ற 18 நாடுகளுக்கு நர்சுகளை அனுப்பும் பொறுப்பு கேரளத்தின் நோர்க்கா, ஒடெபெக், தமிழ்நாட்டின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் போன்ற அரசு அமைப்புகளிடம் வந்தது. தங்கத்தை அடகு வைக்கும் முன் இந்த வாசல்களைத் தட்டிப் பார்ப்பது நல்லது.

2023இல் நம் மாவட்டமான இடுக்கியிலும் பாலக்காட்டிலும் அரசு நர்சிங் கல்லூரிகள் வந்துவிட்டன. படிக்க ஊர் விட்டு ஊர் போகும் கட்டாயம் குறைகிறது. பயிற்சிக் கேள்விகள் போனிலேயே கிடைக்கின்றன, சிக்னல் இருந்தால். இனி வேண்டியது ஒன்றே: தமிழில் விளக்கி ஆங்கிலத்தில் பேச வைக்கும் ஒரு மாலை வகுப்பு. பஞ்சாயத்தும் தொழிற்சங்கங்களும் மனது வைத்தால் மூணாறிலோ பள்ளிவாசலிலோ ஓர் அறையில் தொடங்கிவிடலாம். வேலையில் இருக்கும் நர்சுகள் வாரம் ஒருநாள் வந்து சொல்லிக்கொடுத்தாலே பாதி வேலை முடிந்ததுபோல. எந்த உயிரை முதலில் காப்பது என்று தெரிந்த ஒரு பெண், அதைச் சொல்ல ஆங்கில வார்த்தை வராததால் தோற்கக் கூடாது.