திரையில் ரன்அவேஸ்: காட்டியதும் விட்டதும்

1975-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பதின்வயதுப் பெண்களைக் கொண்டு உருவான 'தி ரன்அவேஸ்' என்ற ராக் இசைக்குழுவின் கதையை, அதன் பாடகி செரி கரியின் தன்வரலாற்றை அடிப்படையாகக் கொண்டு ஃபுளோரியா சிகிஸ்மாண்டி 2010-இல் திரைப்படமாக்கினார். பெண்கள் மின்கிதார் வாசிப்பதில்லை என்று கிதார் ஆசிரியர் கற்பிக்க மறுப்பதும், பார்வையாளர்களின் ஏளனத்தைத் தாங்கப் பழக்குவதாகச் சொல்லி, பயிற்சியின்போதே அப்பெண்கள்மீது குப்பையை வீசச் செய்யும் மேலாளர் கிம் ஃபௌலியின் கடுமையும் அக்காலச் சூழலை அழுத்தமாகக் காட்டுகின்றன. ஆனால், குழுவின் மற்றோர் உறுப்பினரான ஜோன் ஜெட் நிர்வாகத் தயாரிப்பாளராக இருந்த இப்படத்தில் கிதார் கலைஞர் லீட்டா ஃபோர்டு ஓரத்திலேயே நிற்கிறார். தாழ்ந்த சுரங்களால் இசைக்கு அடித்தளமிடும் பேஸ் கிதாரை வாசித்த ஜாக்கி ஃபாக்ஸுக்குப் பதிலாக ராபின் என்ற கற்பனைப் பாத்திரம் வருகிறது. சூழலைச் சித்திரிப்பதில் நேர்மையான இப்படம், ஐவரின் உழைப்பை செரி, ஜோன் ஆகிய இருவரின் கதையாகச் சுருக்கியதால், குழுவின் வரலாறாக முழுமை பெறவில்லை.